60 வயதில் லொறியை விட்டு இறங்குகிறேன்: ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., பணிக்கொடை எடுப்பது பற்றி (திருகோணமலை)

பாலையூற்று லொறிக்காரன்

வணக்கம். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அரைகுறையாகக் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும், அதனால் முழு விபரத்தையும் சொல்கிறேன். நீளத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 60 வயதாகிவிட்டது. இந்த மாதம் 30ஆம் திகதியோடு வேலையை விடுகிறேன். 1988இல் இங்கே ஒரு போக்குவரத்துக் கம்பனியில் சேர்ந்தேன். ஒவ்வொரு சோதனைத் தடையிலும் மூட்டைகளை இறக்கிக் காட்டி, திரும்ப ஏற்றிக்கொண்டு போன காலம் அது. கொழும்புக்கு ஒரு நடை போய் வர நாலு நாள் ஆனதும் உண்டு. 1996இல் அந்தக் கம்பனியை மூடிவிட்டார்கள். பிறகு ஏழு வருடம் நாள் சம்பளத்துக்குக் கிடைத்த லொறியெல்லாம் ஓடினேன். 2003 மார்ச்சில் இப்போதைய முதலாளியிடம் வந்தேன். சீனக்குடாவில் கோதுமை மா ஏற்றிக்கொண்டு கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் குருநாகல், கொழும்பு, சில வேளை பதுளை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை மூதூருக்குப் போவதென்றால் லொறியைப் பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில், ஏற்றித்தான் அக்கரை சேர வேண்டும். யானை குறுக்கே வரும் ஹபரணை வீதியில் இத்தனை வருடம் இரவிரவாக ஓடி, ஒரு உயிருக்கும் என்னால் சேதம் வரவில்லை. அது எனக்குப் பெரிய காரியம்.

இப்போது அடிப்படைச் சம்பளம் 38,000 ரூபாய். அதற்கு மேல் நடைக்கு இவ்வளவு என்று ஒரு காசும், சாப்பாட்டுக் காசும். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) வெட்டத் தொடங்கியது 2011 ஜனவரியில்தான். அதற்கு முந்திய எட்டு வருடத்துக்கு ஒன்றும் இல்லை. கேட்டால், "நீ அப்போது நடைக்குத்தானே ஓடினாய், மாதச் சம்பளக்காரனா?" என்கிறார்.

போன கிழமை கந்தோரில் ஒரு கடிதம் நீட்டினார்கள். சிங்களத்தில் இருந்தது. மகள் வாசித்துச் சொன்னாள்: சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், எனக்கு வரவேண்டிய எல்லாம் வந்துவிட்டது, இனி ஒரு கோரிக்கையும் இல்லை. இதில் கையெழுத்து வைத்தால்தான் ஈ.பி.எஃப். காசை எடுப்பதற்கான கே விண்ணப்பத்தில் தாங்கள் ஒப்பம் வைப்பார்களாம். வேலை முடியும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடை பற்றிக் கேட்டேன். "லொறிக்காரருக்கு அது இல்லை" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள்.

அந்த 1988இல் எனக்குக் கிளீனராக இருந்த நண்பன் கனடாவில் ட்ரக் ஓடி இளைப்பாறிவிட்டான். அவனுக்கு மாதா மாதம் யூனியன் பென்சன் வருகிறது. நமக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதா? பழைய கம்பனியில் வெட்டிய ஈ.பி.எஃப். எங்கே கிடக்கும்? ஈ.பி.எஃப். இலக்கம் இருந்த அந்த பி அட்டை திருக்கடலூர் வீட்டோடு சுனாமியில் போய்விட்டது. அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கலாமா? நான் பயப்படுவது அந்தக் கடிதத்துக்குத்தான்.

உவர்மலைக் கணக்கர்

தம்பி, நான் உங்களை விட ஏழு வயது மூத்தவன், அந்த உரிமையில் தம்பி என்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் 31 வருடம் சம்பளக் கணக்கு எழுதியவன். மாதம் தவறாமல் ஈ.பி.எஃப். கட்டும் சி படிவம் நிரப்பி அனுப்பியது இந்தக் கைதான்.

கையெழுத்து வைக்காதீர்கள். காசு கைக்கு வராமல் "வந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்குத் தொழில் அலுவலகத்தில் அவர்கள் முதலில் எடுத்துக் காட்டப்போவது அந்தத் தாளைத்தான். அவர்களுக்குக் கடிதம் வேண்டுமென்றால் நீங்களே தமிழில் எழுதுங்கள்: 60 வயது பூர்த்தியானதால் இன்ன திகதியோடு ஓய்வு பெறுகிறேன். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். பிரதியில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமும் திகதியும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் போட்டு, அந்தச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

பணிக்கொடை பற்றி அவர்கள் சொன்னது பிழை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் லொறிக்காரரை விலக்கி வைக்கும் வரி எதுவும் கிடையாது. பார்ப்பது இரண்டு விஷயம். நீங்கள் 5 வருடம் பூர்த்தி செய்திருக்க வேண்டும். வேலை முடிவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளிலேனும் அந்த இடத்தில் 15 பேராவது வேலை செய்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக எடுத்த சம்பளத்தில் அரை மாதம். மாதச் சம்பளம் இல்லாதவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நடைக்கு ஓடியவனுக்கு இல்லை என்றால் அந்த 14 நாள் கணக்கைச் சட்டத்தில் யாருக்காக எழுதி வைத்தார்கள்? உங்கள் 38,000இல் பாதி 19,000. 22 வருடத்துக்கு 418,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். நீங்களாக விலகினாலும் இது உண்டு, விலக்கப்பட்டாலும் உண்டு.

ஈ.பி.எஃப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதற்கு 15 பேர் கணக்கெல்லாம் இல்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், தற்காலிகமாக இருந்தாலும், முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். உங்களிடமிருந்து 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். சாப்பாட்டுக் காசும் நடைக்கூலியும் கணக்கில் சேரும், மேலதிக நேரக் காசு சேராது. எட்டு வருடம் கட்டாமல் விட்டது அவருடைய பொறுப்பு. 20 சதவீதத்தையும் அவர்தான் கட்ட வேண்டும், பிந்தியதற்கு மேலதிகக் கட்டணமும் ஏறும்.

ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) தனி. அது 1981 மார்ச்சில் தொடங்கியது, முதலாளி தன் கையிலிருந்து கட்டும் 3 சதவீதம். உங்கள் சம்பளத்தில் வெட்டாததால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. கே விண்ணப்பம் போட்டால் ஈ.டி.எஃப். தானாக வராது, ஈ.டி.எஃப். சபைக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும்.

இனி நான் கேட்கிறேன். உங்கள் முதலாளியிடம் எத்தனை பேர் வேலை? 2003 முதல் 2010 வரை அங்கே ஓடினீர்கள் என்பதற்குக் கையில் என்ன இருக்கிறது? சம்பளச் சிட்டை, பொருள் இறக்கிய சிட்டை, வாயில் அனுமதிச் சீட்டு, எதுவானாலும் சரி.

கிண்ணியாவிலிருந்து ஒரு மகள்

அண்ணன், என் வாப்பாவும் லொறிதான். கந்தளாயில் நெல் ஏற்றுவார். அவருக்காக அலைந்தது நான் என்பதால் சொல்கிறேன்.

பெயரை இப்போதே பாருங்கள். வாப்பாவின் அடையாள அட்டையில் அவருடைய வாப்பாவின் பெயர் முன்னால், ஈ.பி.எஃப். கணக்கில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். தமிழ்ப் பெயரையும் முஸ்லிம் பெயரையும் கந்தோர்களில் காதால் கேட்டு இங்கிலீசில் எழுதும்போது ஆளுக்கொரு மாதிரி எழுதிவிடுகிறார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதமும் எடுத்துக் கொடுக்க மூன்று மாதம் போனது. வேலையில் இருக்கும்போதே பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. வங்கிக் கணக்கு உங்கள் தனிப் பெயரில், அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். நீண்ட காலம் தொடாமல் கிடந்த கணக்கென்றால் முதலில் போய் அதை உயிர்ப்பியுங்கள்.

அப்புறம், நீங்கள் மௌத்தானால் காசு யாருக்கு என்று எழுதிக் கொடுத்த படிவம். வாப்பா கல்யாணத்துக்கு முன் தன் உம்மாவின் பெயரைக் கொடுத்திருந்தார், பிறகு மாற்றவே இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே காசை எடுத்ததால் தப்பினோம். ஈ.டி.எஃப். என்று ஒன்று இருப்பதை இரண்டு வருடம் கழித்து அவருடைய கூட்டாளி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதுவும் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

கண் எப்படி இருக்கிறது அண்ணன்? கண்ணில் வில்லை வைக்கும் சத்திரசிகிச்சைக்கு ஈ.டி.எஃப். சபை உதவி தரும், ஆனால் அது வேலையில் இருந்து காசு கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஆட்களுக்குத்தான். இரவில் எதிர் லைட் கூசுகிறது என்று வாப்பா வருடக்கணக்காகச் சொன்னார், நாங்கள்தான் கவனிக்கவில்லை. 30ஆம் திகதிக்குள் ஒரு தரம் காட்டிப் பாருங்கள்.

பாலையூற்று லொறிக்காரன்

இரண்டு பேருக்கும் மனம் நிறைந்த நன்றி. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அந்தக் கடிதத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஆள் கணக்கு: 9 லொறி. 9 சாரதி, 9 கிளீனர், கந்தோரில் 2 பேர், கராஜில் 2 பேர். மொத்தம் 22. ஆனால் 4 லொறியின் பதிவு முதலாளியின் தம்பி பெயரில் இருக்கிறது. அதைக் காட்டி 15க்குக் குறைவு என்று சொல்வார்களோ?

ஆதாரம்: சம்பளச் சிட்டை 2011க்குப் பிறகுதான் தந்தார்கள். ஆனால் நான் சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு நடையையும் எழுதி வைத்திருக்கிறேன். திகதி, லொறி இலக்கம், என்ன சாமான், எங்கே இறக்கினேன், கிலோமீற்றர், கையில் வாங்கிய காசு. பழைய கம்பனியில் எனக்கு லொறி பழக்கிய பெரியவர் சொல்லித் தந்த பழக்கம். 2005 ஜனவரியிலிருந்து கொப்பிகள் எல்லாம் இருக்கின்றன. அதற்கு முந்தியது சுனாமியோடு போய்விட்டது. அன்று நான் கொழும்பில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வழியில் தம்புள்ளையில் நின்றேன். மனைவி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பினாள். வீட்டில் ஒரு தாள் மிஞ்சவில்லை. ஆகவே 2003, 2004 இரண்டு வருடத்துக்கும் என் வாயைத் தவிர ஒன்றும் இல்லை.

தம்பலகாமத்தான், டொரொண்டோ

மச்சான், உன் மகள் இந்த இணைப்பை அனுப்பினாள். நீ சொன்ன அந்தக் கிளீனர் நான்தான்.

யூனியன் பென்சன் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை ஏதோ யூனியன் இலவசமாகத் தருகிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். சங்கமும் கம்பனியும் பேசி ஒப்பந்தம் போட்டு, நான் வேலை செய்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் இவ்வளவு என்று கம்பனி ஒரு பொது நிதிக்குக் கட்டியது. எத்தனை வருடம் பதிவாகியிருக்கிறதோ அதற்கு ஏற்றபடி பென்சன். வருடா வருடம் ஒரு கணக்குத் தாள் வரும். நான் ஒரு தரம் ஒழுங்காகப் பார்த்தபோது ஒரு வருடத்தில் 400 மணித்தியாலம் குறைந்திருந்தது. சம்பளச் சிட்டைகளை வைத்திருந்ததால் திருத்தினார்கள். வைத்திருக்காவிட்டால் போனது போனதுதான்.

இளைப்பாறுவதற்கு ஆறு மாதம் முன்பே நிதியின் கந்தோருக்கு எழுதி விண்ணப்பம் எடுத்தேன். பிறப்புப் பத்திரம் திருகோணமலைக் கச்சேரியில் எடுத்ததை மொழிபெயர்த்துக் கொடுத்தேன், கல்யாணப் பத்திரமும் கேட்டார்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் செத்தால் என் பென்சனில் குறைந்தது 60 சதவீதம் அவளுக்குத் தொடர வேண்டும் என்பது இங்கே சட்டம். அது வேண்டாம் என்றால் அவளே கையெழுத்து வைக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் எனக்கு மாதம் கொஞ்சம் கூட வரும். அந்தக் கூடுதல் காசுக்காக அவளை வெறுங்கையோடு விட எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கத்தின் பென்சன் திட்டமான சி.பி.பி. இதற்கு வேறாக விண்ணப்பிப்பது. அதை 60இலிருந்து எடுக்கலாம், ஆனால் 65க்கு முந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 சதவீதம் குறையும். 60இலேயே எடுத்தால் 36 சதவீதம் போய்விடும். நான் 65 வரை பொறுத்தேன்.

இப்போது உன் விஷயம். பழைய கம்பனியின் பி அட்டை என்னிடம் இருக்கிறது. 1994இல் வெளிக்கிட்டபோது பாஸ்போட்டோடு வைத்துக் கொண்டுவந்தது, இன்னும் அந்த உறைக்குள்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கிழமையில் சேர்ந்தவர்கள். அட்டையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

உவர்மலைக் கணக்கர்

டொரொண்டோத் தம்பி, உங்கள் நண்பருக்கு நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? ஈ.பி.எஃப். இலக்கத்தில் முதற்பகுதி முதலாளியின் இலக்கம், அடுத்தது உறுப்பினரின் இலக்கம். முதலாளி இலக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதையும் தன் அடையாள அட்டையையும் கொண்டு போனால் பழைய கணக்கைத் தேடச் சொல்லிக் கேட்கலாம். கம்பனி மூடியதால் காசு அழியாது. நிதி மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது, வருடா வருடம் வட்டி சேரும். 2023க்கு 13 சதவீதம், 2024க்கு 11 சதவீதம். உங்கள் காசும் அங்கேதான் இருக்கும், நீங்களும் 55 தாண்டியவர்தானே, விண்ணப்பியுங்கள்.

பாலையூற்றுத் தம்பி, மாதா மாதம் வரும் பென்சன் என்று தனியார் துறையில் நமக்கு இல்லை. கிடைப்பது ஒரே தரம் வரும் மொத்தக் காசு. சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியம் இருக்கிறது, ஆனால் அதில் 60 ஆகும் முன் சேர்ந்து கட்டியிருக்க வேண்டும். உங்கள் கிளீனர் பையன்களிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

4 லொறி தம்பி பெயரில் இருப்பது பற்றி: பதிவு யார் பெயரில் என்று வாதாடாதீர்கள். அந்த நாலு லொறிக்காரரையும் யார் நடைக்கு அனுப்பினார், யார் சம்பளம் கொடுத்தார், லீவு யாரிடம் கேட்டார்கள் என்று எழுதுங்கள். கொப்பியிலேயே ஆதாரம் இருக்கும், அந்த லொறிகளையும் நீங்கள் ஓடியிருப்பீர்கள். கே விண்ணப்பத்தில் ஒப்பம் வைக்க மறுக்கிறார்கள் என்பதையும் அதே முறைப்பாட்டில் எழுதுங்கள், தொழில் அலுவலகம் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும். கொப்பிகளின் மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், போட்டோப் பிரதி மட்டும்.

2003, 2004க்கு இன்னும் ஒரு தரம் யோசியுங்கள். வீட்டில் இல்லாமல் உங்களோடு லொறியில் இருந்தது என்ன?

பாலையூற்று லொறிக்காரன்

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

30ஆம் திகதி என் சொந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். வாங்க மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதினேன். இரண்டு கிழமையில் அங்கிருந்து கடிதம் போனதும் கே விண்ணப்பத்தில் ஒப்பம் வைத்துத் தந்துவிட்டார்கள், ஈ.டி.எஃப். விண்ணப்பத்திலும். 2011க்குப் பிந்திய காசுக்கான வேலை நடக்கிறது. பழைய கம்பனியின் கணக்கும் கிடைத்தது. 1988இல் சேர்ந்த மாதத்திலிருந்து 1996 வரை ஒரு மாதம் விடாமல் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பழைய முதலாளி இப்போது உயிரோடு இல்லை. சண்டைக்குள்ளும் அவர் அதைத் தவற விடவில்லை என்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தது. கிண்ணியாத் தங்கச்சி சொன்னபடி சத்தியக்கடதாசியை முதலே முடித்து வைத்திருந்ததால் ஒரே நாளில் சரியாகிவிட்டது. கண்ணையும் காட்டினேன், இடது கண்ணில் பூ விழத் தொடங்கியிருக்கிறதாம், இப்போதைக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை என்றார்கள்.

பணிக்கொடைக்கு முதலாளி ஆள் அனுப்பிப் பாதி தருவதாகச் சொன்னார், முறைப்பாட்டை எடுத்துவிட வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 22 வருடம் அவருடைய ஒரு மூட்டை கூடக் குறைந்ததில்லை.

கணக்கர் ஐயா, நீங்கள் கடைசியாகக் கேட்டதை இரண்டு இரவு யோசித்தேன். என்னோடு எப்போதும் லொறியில் இருந்தது லைசன். அதன் பழைய தோல் உறையை இன்னும் வைத்திருக்கிறேன். உள்மடிப்பில் கையை விட்டுப் பார்த்தேன். 2003 நவம்பரில் குருநாகலில் கட்டிய தண்டப் பணத்தின் பற்றுச்சீட்டு மடித்தபடி இருந்தது. மை மங்கிவிட்டது, ஆனால் திகதியும் என் லைசன் இலக்கமும் லொறி இலக்கமும் வாசிக்க முடிகிறது. அந்த லொறி முதலாளியின் சொந்தப் பெயரில் உள்ளது.

விசாரணை வருகிற 14ஆம் திகதி. 2003இல் என்னோடு கிளீனராக இருந்த தம்பி இப்போது மூதூரில் ஓட்டோ ஓடுகிறான். அவன் சாட்சி சொல்ல வருகிறான். பற்றுச்சீட்டை மகள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தந்திருக்கிறாள். கொப்பிகள் 11, எல்லாவற்றையும் ஒரு மாப் பையில் கட்டி வைத்திருக்கிறேன்.